எதை எரித்தார்கள் என்று பாருங்கள்: ஒரு போரின் கணக்கைப் படிப்பது எப்படி

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் ஒவ்வொரு போருக்கும் ஓர் "உடனடிக் காரணம்" இருக்கும். ஓர் இளவரசரைச் சுட்டார்கள், ஒரு தூதரை அவமானப்படுத்தினார்கள், ஒரு கோட்டையின் மேல் குண்டு விழுந்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கு அதைத்தான் நானும் மனப்பாடம் செய்து எழுதினேன். பல வருஷம் கழித்து வரி, கடன், நிலம் இந்த மூன்றையும் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்தக் குண்டு விழுவதற்கு முப்பது வருஷம் முன்பே சண்டை தொடங்கிவிட்டது என்பது உறைத்தது. ஒரு போரையோ கிளர்ச்சியையோ கலவரத்தையோ பற்றிப் படிக்கும்போது பணம் எந்தப் பக்கம் ஓடியது, அதிகாரம் யார் கையில் இருந்தது, யார் கழுத்தில் யார் கால் இருந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழியைச் சொல்கிறேன். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் குண்டுக்கு முன்னால் போங்கள்

எந்தச் சண்டையை எடுத்தாலும் அது வெடித்த தேதியிலிருந்து பின்னோக்கி இருபது, முப்பது வருஷம் நடந்து போங்கள். அந்தக் காலத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வரி கூடியதா? கூலிக்கோ நிலத்துக்கோ புதுச் சட்டம் வந்ததா? கடனுக்காக யாராவது தன் நிலத்தையோ உடம்பையோ இழந்தார்களா?

1381ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குடியானவர் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து மடத்துத் துறவிகள் எழுதிய குறிப்புகளில் அது திடீரென்று வெறிபிடித்த கூட்டமாகத்தான் தெரியும். பின்னால் போய்ப் பாருங்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்துப் போனார்கள். வேலைக்கு ஆள் இல்லை, அதனால் பிழைத்திருந்தவர்களால் கூலியைக் கூட்டிக் கேட்க முடிந்தது. உடனே 1351இல் சட்டம் வந்தது, கொள்ளைநோய்க்கு முன்னால் என்ன கூலியோ அதற்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று. அப்புறம் பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1377இல் தலைக்கு 4 பென்ஸ் வரி, 1380இல் அதே தலைவரி 12 பென்ஸ். 1381 மே மாதக் கடைசியில் வரி வசூலிக்க வந்த அதிகாரியை எஸெக்ஸ் பகுதி மக்கள் விரட்டியடித்தார்கள். அந்தச் செய்தி மட்டும் தனியாக நின்றால் கலகம் போலத் தெரிகிறது, முப்பது வருஷத்தோடு சேர்த்துப் படித்தால் ஒரு நீண்ட கூலிப் பேச்சுவார்த்தை உடைந்துபோன இடம் என்று தெரிகிறது.

அந்தக் கிளர்ச்சியில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு பெரிய மடம். ஊர்க்காரர்கள் தானியத்தை மடத்து ஆலையில்தான், கட்டணம் கொடுத்துத்தான் அரைக்க வேண்டும். வீட்டில் திரிகை வைத்திருக்கக் கூடாது. கிளர்ச்சிக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்னால் இருந்த மடாதிபதி வீடுகளிலிருந்து திரிகைக் கற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மடத்துக் கூடத்தின் தரையில் பதித்துவிட்டார். வாடகை கட்டவும் வழக்கு பேசவும் வந்தவர்கள் தங்கள் தாத்தா, பாட்டியின் திரிகை மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். 1381இல் மக்கள் மடத்துக்குள் புகுந்ததும் அந்தத் தரையைப் பெயர்த்து, கற்களைத் துண்டு துண்டாக உடைத்து, கோயிலில் அப்பம் பங்கிடுவதுபோல ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு துண்டுக் கல்லில் மாவு அரைக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

எதை எரித்தார்கள்?

இதுதான் என் அனுபவத்தில் அதிகம் கைகொடுக்கும் கேள்வி. ஒரு கிளர்ச்சியில் கூட்டம் எதைத் தேடிப் போய் எரித்தது என்று பாருங்கள். கைக்குக் கிடைத்ததை எல்லாம் எரித்தார்கள் என்று எழுதியிருந்தால் நம்பாமல் இன்னொரு புத்தகத்தைத் தேடுங்கள், ஏனென்றால் பல நேரங்களில் அவர்கள் எரித்தது காகிதத்தை. 1381இல் யார் யாருக்கு அடிமைக் குடி, யார் எத்தனை நாள் இலவச உழைப்பு தர வேண்டும் என்று எழுதியிருந்த பண்ணை நீதிமன்றச் சுருள்களை ஊர் ஊராக எரித்தார்கள். 1789 கோடைக்காலத்தில் பிரான்சின் கிராமங்களில் விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போய் முதலில் கேட்டது, தாங்கள் கட்ட வேண்டிய பாக்கிகள் எழுதியிருந்த பதிவேடுகளை. கொடுக்க மறுத்த இடங்களில் சில நேரம் மாளிகையும் சேர்ந்து எரிந்தது. அந்தப் புகைதான் வெர்சாய் நகரில் கூடியிருந்த தேசிய சபையை ஆகஸ்ட் 4 இரவு நிலப்பிரபுத்துவச் சலுகைகளை ஒழிப்பதாக அறிவிக்க வைத்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: பல பாக்கிகளை நஷ்டஈடு கட்டித்தான் தீர்க்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள், நஷ்டஈடே இல்லாமல் அவை ஒழிந்தது 1793இல்தான். அறிவிப்பின் தலைப்பை மட்டும் படித்தால் இந்த நான்கு வருஷம் கண்ணில் படாது.

இன்னொன்று, தக்காணத்தில் 1875 மே 12 அன்று பூனா மாவட்டத்துச் சூபா என்ற சந்தை ஊரில் நடந்தது. சுற்றுப்பட்டுக் கிராமத்து விவசாயிகள் திரண்டு வந்து வட்டிக்கடைக்காரர்களிடம் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் கேட்டு வாங்கி எரித்தார்கள். பிறகு வந்த விசாரணைக் குழு கவனித்த ஒரு விஷயம் இருக்கிறது: பத்திரத்தைச் சண்டையில்லாமல் கொடுத்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் வேறு எதுவும் நடக்கவில்லை. ஆக, அந்தக் கூட்டத்துக்குத் தன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஏன் பத்திரம்? கடன் பத்திரம் மூன்று வருஷம்தான் செல்லும் என்று 1859இல் அரசு ஒரு சட்டம் போட்டது, விவசாயியைக் காப்பாற்றத்தான். கடன் கொடுத்தவர்களோ மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பழைய வட்டியை அசலோடு சேர்த்துப் புதிதாக ஒரு பத்திரம் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். 100 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி போட்ட வழக்கு ஒன்றும் அந்த விசாரணையில் பதிவாகியிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் அமெரிக்கா வருகிறது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கி, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோனதும், தக்காணத்துப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. கேட்டவருக்கெல்லாம் கடன் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது, விலை விழுந்தது, கடன் கொடுப்பதும் நின்றது. அதே சமயத்தில் நிலவரியை அரசு 50 முதல் 100 சதவீதம் வரை ஏற்றியது. கடல் தாண்டி நடந்த ஒரு போரின் மிச்சம் சூபா சந்தையில் எரிந்த காகிதத்தில் இருக்கிறது. இப்படி ஒரு கோடு கிடைத்தால் விடாமல் நோட்டில் வரைந்து வையுங்கள்.

"ஒடுக்குமுறை" என்று எழுதினால் பக்கத்திலேயே ஒரு பொருளை எழுதுங்கள்

பெரிய சொற்கள் நம்மை ஏமாற்றும். ஒடுக்குமுறை, சுரண்டல் என்றெல்லாம் எழுதும்போது எல்லாம் புரிந்துவிட்டதாக ஓர் உணர்வு வருகிறது, ஆனால் ஒன்றுமே தெரிந்துகொண்டிருக்க மாட்டோம். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: அந்தச் சொல்லை எழுதினால், அது எந்தப் பொருளின் வழியாக நடந்தது என்பதையும் எழுத வேண்டும். 1855இல் சித்து, கானு என்ற சகோதரர்கள் தலைமையில் கிழக்கு இந்தியாவின் சந்தால் பழங்குடி மக்கள் எழுந்தார்களே, அங்கே அந்தப் பொருள் ஓர் அளவை. கடன் கொடுத்த வியாபாரிகள் இரண்டு அளவைகள் வைத்திருந்தார்கள். சந்தால்களிடமிருந்து விளைச்சலை வாங்கும்போது பெரியது, அவர்களுக்கு விற்கும்போது சிறியது. இரண்டுக்கும் பெயர்கூட உண்டு, கேனாராம், பேச்சாராம் என்று. வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. வருஷம் முழுக்க உழைத்த ஒரு குடும்பம் அறுவடை முடிந்ததும் எப்படிக் கடனாளியாகவே நின்றது என்று அதற்கப்புறம் விளக்கவே வேண்டாம்.

1525இல் தென்ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரத்தில் விவசாயிகள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். காட்டில் விறகு எடுக்கும் உரிமை, ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை, அடிமைக் குடி நிலையிலிருந்து விடுதலை என்று வரிசையாக வரும். பதினொன்றாவது கோரிக்கை சாவு வரியைப் பற்றியது. குடும்பத் தலைவன் செத்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாட்டையோ நல்ல உடையையோ பிரபுவுக்குக் கொடுக்க வேண்டும், அதை நிறுத்துங்கள், விதவைகளையும் அநாதைகளையும் கொள்ளையடிக்காதீர்கள் என்று கேட்கிறார்கள். கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கைப் பட்டியல் எங்கே கிடைத்தாலும் முழுசாகப் படியுங்கள், சுருக்கத்தைப் படிக்காதீர்கள். சுருக்கம் எழுதுகிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவது அந்த மாட்டைத்தான்.

சரக்கைப் பாருங்கள்

1890களின் கடைசியில் எட்மண்ட் மோரெல் என்ற இருபத்து சொச்சம் வயது இளைஞர் லிவர்பூலில் ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தர். பிரெஞ்சு தெரியும் என்பதால் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அடிக்கடி அனுப்பினார்கள். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் காங்கோவோடு நடக்கும் வணிகக் கணக்கு அவர் கையில். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் யானைத் தந்தமும் நிரம்பி வழிகின்றன. அதே கப்பல்கள் திரும்பிப் போகும்போது பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா, அதிகாரிகள். ரப்பருக்குப் பதிலாகக் கொடுக்கத் துணியோ பாத்திரமோ பெரிதாக எதுவும் போகவில்லை. அப்படியென்றால் அங்கே ரப்பர் சேகரிப்பவர்களுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை, துப்பாக்கி முனையில்தான் வாங்குகிறார்கள். காங்கோ மண்ணில் கால் வைக்காமலே, ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியலை வைத்தே மோரெல் இந்த முடிவுக்கு வந்தார், 1901இல் வேலையை விட்டார், அதன் பிறகு வருஷக்கணக்காக எழுதினார், பேசினார், ஆள் திரட்டினார். 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பறிபோனது. காங்கோ மக்களின் வெட்டப்பட்ட கைகளைக் காட்டிய புகைப்படங்கள்தான் உலகத்தை உலுக்கின, ஆனால் அவர் கண்ணைத் திறந்தது ஒரு சரக்குப் பட்டியல். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே "வணிகம்" என்று எழுதியிருந்தால், போனது என்ன வந்தது என்ன என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

போனது யார் பிள்ளை?

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில் யாருக்கு விலக்கு என்ற பகுதியைத் தேடுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கில் 1863 சட்டப்படி 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். தெற்கில் 1862இலேயே 20 அடிமைகள் இருக்கும் பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு. இரண்டு பக்கமும் பணக்காரரின் போர், ஏழையின் சண்டை என்று புலம்பினார்கள்.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போனது என்று பார்த்தால் மனசு கனத்துவிடும். 1863 ஜூலையில் நியூயார்க்கில் ஏழை வெள்ளைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், 300 டாலர் சட்டத்தை எழுதியவர்களை விட்டுவிட்டுக் கறுப்பின மக்களைத் தேடித்தேடி அடித்துக் கொன்றார்கள், 200க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்த கறுப்பின அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். குழந்தைகள் பின்வழியாகத் தப்பினார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு படிக்க உட்காராதீர்கள். மேலே போக வேண்டிய கோபம் கீழே திரும்புவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, பல நேரங்களில் அதற்குச் சட்டமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கும். வர்ஜீனியாவில் 1676இல் நதானியேல் பேக்கனின் கிளர்ச்சியில் வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பின அடிமைகளும் சேர்ந்து ஆயுதம் எடுத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில், 1705 அடிமைச் சட்டம் வரை, அந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்து நிறுத்தும் விதிகள் அடுக்கடுக்காக வந்தன. (அந்தக் கிளர்ச்சிக்காரர்களே பூர்வகுடிகளைத் தாக்கியவர்கள்தான், அதையும் மறைக்கக் கூடாது.)

சமாதானம் ஆன பிறகு பணம் யாருக்குப் போனது?

பெரும்பாலானவர்கள் போர் முடிந்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்ட்டியின் அடிமைகள் 1791இல் எழுந்து, நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றார்கள். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, உங்களை நாடாக அங்கீகரிக்க வேண்டும் என்றால் 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றது. யாருக்கு? நிலத்தையும் அடிமைகளையும் "இழந்த" பழைய முதலாளிகளுக்கு. அதாவது தங்கள் உடம்புக்குத் தாங்களே விலை கட்ட வேண்டும். முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கிகளிடம் கடன் வாங்கினார்கள். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள், ஆனாலும் அந்தக் கடனிலிருந்து கிளைத்த கடன்கள் 1947 வரை நீண்டன. ஹெய்ட்டி ஏன் ஏழை நாடு என்று யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோதும் 2 கோடி பவுண்டு முதலாளிகளுக்குப் போனது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை, மாறாக 1838 வரை பலரும் அதே பண்ணைகளில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சத்தை பிரிட்டன் அரசு 2015இல்தான் அடைத்தது. பிரிட்டன் சீனாவோடு நடத்திய முதல் அபினிப் போர் முடிந்து 1842இல் போட்ட நான்கிங் ஒப்பந்தத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: சீனா கட்ட வேண்டிய 2 கோடியே 10 லட்சம் டாலரில் 60 லட்சம், லின் சேஷூ என்ற அதிகாரி 1839இல் பறித்து அழித்த அபினிக்கு.

இங்கே சறுக்காதீர்கள்

இப்படிப் படித்துப் பழகியதும் ஒரு போதை வரும், எல்லாமே காசுதான் என்று. அப்படிச் சொல்லிவிட்டால் ஹெய்ட்டியே புரியாமல் போய்விடும். அவர்கள் எழுந்தது கூலி உயர்வுக்காக இல்லை. செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் எடுத்துப்போன கல்துண்டுக்கும் சந்தை விலை கிடையாது. மானம், மதம், பயம், பழைய பகை எல்லாம் நிஜமானவை, அவற்றுக்கும் நோட்டில் இடம் விடுங்கள்.

இதைவிட ஆபத்தான சறுக்கல், யாரோ ஒரு ரகசியக் கூட்டம்தான் எல்லாப் போரையும் பின்னாலிருந்து ஆட்டுகிறது என்ற பேச்சு. அந்தப் பேச்சு கடைசியில் யூதர்கள் மீதோ வேறு ஏதாவது சிறுபான்மை மீதோதான் போய் விடியும், பலரைக் கொன்றும் இருக்கிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: உண்மையான விளக்கத்தில் ஒரு சட்டத்தின் வருஷம் இருக்கும், ஒரு தொகை இருக்கும், ஒரு கையெழுத்து இருக்கும். மற்றதில் "அவர்கள்" மட்டும் இருப்பார்கள். அடையாளத்தையும் இப்படியே பாருங்கள். ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்ற பிரிவை 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் எழுதி வைத்தது. 1994 இனப்படுகொலையில் சாலைத் தடுப்புகளில் நின்று டுட்சிகளைக் கொன்றவர்கள் கேட்டுப் பார்த்தது அந்த அட்டையை.

அப்புறம், கிளர்ச்சிக்காரர்களைப் புனிதர்களாக்காதீர்கள். 1381இல் லண்டனுக்குள் நுழைந்தவர்கள் அங்கே இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து பிழைக்க வந்திருந்த பிளெமிஷ் மக்களையும் கொன்றார்கள். அதை எழுதினால் அவர்களுடைய நியாயம் குறைந்துவிடாது, எழுதாமல் விட்டால் உங்கள் நோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும்.

காணாமல் போன காகிதம்

எரிப்பவர்கள் கிளர்ச்சிக்காரர்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டன் தன் காலனிகளை விட்டுப் புறப்படும்போது, தங்கள் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1961இல் உத்தரவு போனது. எரித்தால் சாம்பலையும் உடைத்துவிட வேண்டும், கடலில் போட்டால் கனம் கட்டிய பெட்டியில் வைத்து ஆழமான இடத்தில் போட வேண்டும் என்ற அளவுக்கு விவரமாக எழுதியிருந்தார்கள். கென்யாவில் 1952க்குப் பிறகு மாவ் மாவ் கிளர்ச்சியின்போது முகாம்களில் அடைபட்டுச் சித்திரவதை அனுபவித்தவர்கள், முதுமையில், 2009இல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு முதலில் பெரும்பாலும் இருந்தது அவர்களுடைய சொல்லும் உடம்பில் இருந்த தழும்பும்தான். வழக்கு நகர நகர, 2011இல், எரிக்காமல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் ஒளித்து வைத்திருந்த ஏறக்குறைய 1,500 கோப்புகள் வெளியே வந்தன. 2013இல் 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுக்க பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அந்த முதியவர்கள் ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் கோப்புகளும் சொல்லின.

அதனால் ஆவணம் இல்லை என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். அனுபவித்தவர்களின் வாக்குமூலம், அவர்கள் பாடிய பாட்டு, நீதிமன்றத்தில் பதிவான குறுக்கு விசாரணை, தோற்ற பக்கத்தின் மனு, இவற்றைத் தேடுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட சண்டையில் குறிப்பிட்ட ஒரு வருஷத்துக் கணக்குப் புத்தகம் மட்டும் காணவில்லை என்றால், நோட்டில் முதலில் அந்த வருஷத்தை வட்டம் போட்டு வையுங்கள்.